அசெம்பிளியில் என் நாத்தனார்

1

கச்சிராயபாளையத்திலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிற எல்லாருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கலைச்செல்வி எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் அவளுக்கு ஓட்டே கிடையாது. பஸ் நிறுத்தத்தில் அவள் படம் போட்டு வைத்திருக்கும் பேனரை, வைத்தவர்களே தயவுசெய்து கழற்றிக்கொள்ளவும். ஷீட் கெட்டியாகத்தான் தெரிகிறது. மாட்டுக் கொட்டகைக்கு மேலே கட்டினால் ஒரு மழைக்காலம் தாங்கும்.

வெள்ளிமலைக்குச் சாயங்காலம் இன்னொரு பஸ் விடச் சொல்லி வாட்ஸப்பில் மனு அனுப்பியவர்களுக்கும் இதுதான் பதில். மனுவை நான் வாங்கிக்கொண்டது உண்மை. “பார்க்கலாம்” என்று சொன்னதும் உண்மை. மனு வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைத்தானே சொல்கிறார்கள், நான் மட்டும் சொன்னால் என்ன?

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள். எனக்கு இங்கே ஒரு அவசரமும் இல்லை.

2

நாங்கள் இருப்பது குயின்ஸ்லாந்து என்கிற பக்கம். விமானத்தில் ஏறி, இன்னொன்றில் மாறி, அப்புறம் காரில் வந்து இறங்கிப் பார்த்தால் நாலு பக்கமும் கரும்பு. இவ்வளவு தூரம் பறக்கவிட்டுக் கடைசியில் நம் ஊர்க் கோமுகி அணைக்குக் கீழேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்களே என்று கலையிடம் சண்டை போட்டேன். அது போன வருஷம். இப்போது இரண்டாவது வெட்டு நடக்கிறது.

வெட்டு என்றால் நம் ஊர் வெட்டு இல்லை. ஆள்கட்டு கிடையாது, சோளப்பொரி மாதிரி சிதறிக் கிடக்கும் தூக்குப் பாத்திரங்கள் கிடையாது, கரும்புச் சோகை கிழித்த கையில் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் கிடையாது. ஒரு மெஷின் வரிசைக்குள் நுழைகிறது. முன்னால் கரும்பு, பின்னால் வெறும் தரை. நான் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டியே மகளைப் படிக்க வைத்தவள். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை, பெருமைதான். என் மகள் அந்த மெஷினைப் படம் வரைகிற கம்பெனியில் வேலை செய்கிறாள். அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை கூடத்தான்.

அவளுக்கு வேலை ஒப்பந்தத்தில்தான் இருந்தது. விசாவும் அந்த வேலையோடு கட்டிப் போட்டது. வேலை போனால் அவள் கிளம்ப வேண்டும், அவள் கிளம்பினால் நானும். நான் பார்க்க வந்தவள் என்கிற விசாவில் வந்தேன். அதை நீட்டிக்கக் கேட்டிருக்கிறது. பதில் வரும்வரை வைத்திருக்கிற விசாவுக்குப் பிரிட்ஜிங் விசா என்று பெயர். பிரிட்ஜ் என்றால் பாலம்தானே? இந்தக் கரையும் இல்லை, அந்தக் கரையும் இல்லை, நடுப்பாலத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். காற்று நன்றாக வருகிறது.

அந்த விசாவுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கக் கலை என்னைக் கூட்டிப்போனாள். இந்த ஊர்க் காகிதத்தில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்க வேண்டுமாம். நமக்கு ஏது? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவர் பெயரைப் போட்டிருக்கிறது, கலையின் அப்பா பெயரை. அவர் போய் வருஷக்கணக்காகிறது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கதவைத் திறந்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பின்பக்கம் பார்த்தேன். வருவாரோ என்று ஒரு கணம் தோன்றியதை இங்கே மட்டும் சொல்கிறேன். அப்புறம் அவள் என் முன்னால் வந்து நின்று, உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். அவர் பெயரை நான் எப்படி வாயால் சொல்வது? சிரித்து வைத்தேன். அவளும் சிரித்தாள். கார் நிறுத்தப் போயிருந்த கலை வந்து சேரும் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நின்றோம்.

3

கலைக்குக் கொடுத்த வேலை, இரண்டு சாஃப்ட்வேரைப் பேச வைப்பது. ஒன்று, மெஷினை வரைகிற சாஃப்ட்வேர். மற்றது, வரைந்ததையெல்லாம் வாங்கிப் பூட்டி வைக்கிற கிடங்கு மாதிரி ஒன்று. எது யார் கையில் இருக்கிறது, எது கடைசியாகத் திருத்தியது, எந்தத் துண்டு எந்த மெஷினுக்குப் போகிறது என்று அதைக் கேட்டால் சொல்லும். அது வருவதற்கு முன்னால் அவரவர் படத்தை அவரவர் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தார்களாம். ஒரே பிளேடுக்கு ‘ஃபைனல்’ என்று ஒரு படம், ‘புது ஃபைனல்’ என்று ஒரு படம், ‘இதுதான் ஃபைனல்’ என்று இன்னொரு படம். பட்டறைக்காரர் கைக்கு எது கிடைத்ததோ அது மெஷினில் ஏறும். பழைய படத்தைப் பார்த்து வெட்டிய பிளேடுகள் துளை பொருந்தாமல் திரும்பி வந்து, கம்பெனியில் பெரிய பேச்சாகிவிட்டது. அதனால்தான் கிடங்கை வாங்கினார்கள். வாங்கிய கிடங்கும் வரைகிற சாஃப்ட்வேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

“சம்மந்தி வூட்டுக்காரங்க மாதிரி மா,” என்றாள் கலை. “இதுல வெயிட்டுன்னு இருக்கும். அதுல மாஸுன்னு இருக்கும். ரெண்டும் ஒண்ணுதான்டா சாமின்னு நான் ஒவ்வொண்ணா சொல்லிக் குடுக்கணும். இல்லன்னா காலியா வுட்டுடும்.”

அவள் சொன்னதில் இது ஒன்றுதான் எனக்கு உடனே விளங்கியது. காரணம் இருக்கிறது. இங்கே பெரிய ஊரில் தமிழ்க்காரர்கள் கூடுகிற பொங்கலுக்குப் போயிருந்தோம். தெற்கத்திப் பக்கத்து அம்மா ஒருத்தி, நல்ல பட்டுப்புடவை, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, “ஒங்க வூட்டு ஆயாவ இட்டாரலயா?” என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, “நாங்க ஆயால்லாம் வச்சுக்கிடறதில்லம்மா. நானே எல்லா வேலையும் பாத்துக்கிடுவேன்” என்றாள். பெற்ற தாயின் தாயை வீட்டில் வைத்துக்கொள்ளாததைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குப் பொங்கல் இறங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் கலை சொன்னாள், அவர்கள் பக்கம் ஆயா என்றால் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி என்று. அந்த அம்மா என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ. வீட்டுக்கு வீடு வேலைக்காரி வைத்திருக்கிற ஊரிலிருந்து வந்த பணக்காரி என்று நினைத்திருப்பாள். அப்படியே இருக்கட்டும்.

மூன்று பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் கலை இந்த இணைப்பை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் வெளிக் கம்பெனிக்காரனைக் கூப்பிடுவார்கள், ஒப்பந்தம் அத்தோடு முடியும், நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் காலம் முழுக்க அவள் சாப்பாட்டைப் பார்க்காமல் சாப்பிட்டாள். இரண்டு நாள் பழைய குழம்பைச் சுடவைத்துப் போட்டேன், கண்டுபிடிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது.

4

என் நாத்தனார் பச்சையம்மா, கலையின் அத்தை, கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. தினம் போன் பேசுவாள். சும்மாவா, சண்டை போடத்தான். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததிலிருந்து எங்களுக்குள் நடக்கிற சண்டை அது. கடல் தாண்டியும் நிற்கவில்லை.

அன்றைக்கு அவள், “கலைக்கு இன்னா ஆச்சி அண்ணி, போன குடுத்தா பேச மாட்டங்குது?” என்று கேட்டாள்.

துண்டு துண்டாக வரைந்ததை ஒன்றாகச் சேர்த்தால் அதற்கு அசெம்பிளி என்று பெயர். துண்டுக்குப் பார்ட் என்று பெயர். இதெல்லாம் கலை வாயிலிருந்து நான் பொறுக்கி வைத்திருந்தது. நமக்கும் நாலு வார்த்தை தெரியும் என்று காட்ட வேண்டாமா?

“அசெம்பிளில பிரச்சன பச்ச. பார்ட்டுங்க ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டங்குது. இவதான் ரெண்டு பக்கமும் பேசிச் சேத்து வெக்கணும். ஜெயிச்சிட்டா இங்கயே பர்மனென்ட்டு. இல்லன்னா ஊருக்கு வந்துட வேண்டியதுதான்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கூட்டணியா அண்ணி?” என்றாள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவள் வண்டி வேறு பாதையில் போகிறது என்று. “அப்பிடித்தான் வெச்சிக்கோயேன்” என்று சொல்லிவிட்டேன். மாரியம்மனிடம் கலைக்காக வேண்டிக்கொள் என்றும் சொன்னேன். மறுநாளே, மஞ்சள் துணியில் காசு முடிந்து அம்மன் முன்னால் வைத்துவிட்டேன் என்றாள். எனக்கே ஆச்சரியம். நான் கேட்டு அவள் உடனே செய்த காரியம் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம்தான் பேனர் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த படம். எண்ணெய் வழியும் தலை, இரட்டைச் சடை, மூக்கில் ஒரு பரு. கீழே, ‘ஆஸ்திரேலியா அசெம்பிளியைக் கலக்க வரும் எங்கள் தங்கமே’ என்று எழுதி, கறுப்புக் கண்ணாடி போட்ட தெருப் பையன்கள் முகமெல்லாம் வரிசையாக. படத்தைப் போனில் பார்த்த கலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“சிரிக்காத மா. நாளைக்கு இது பெயிலாச்சின்னா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த பஸ் ஸ்டாப்பாண்ட எறங்குவேன்?”

உடனே எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிடு என்றாள். சொல்லலாம் என்றுதான் போனை எடுத்தேன். ஆனால் அதற்குள் மனுக்கள் வர ஆரம்பித்துவிட்டன. மலைப் பஸ் ஒன்று, தெருவிளக்கு ஒன்று, அணைத் தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று ஒன்று. மாப்பிள்ளைக்கு மெல்போர்னில் வேலை கேட்டு ஒன்று. நான் என் காலத்தில் எத்தனை பேருக்கு மனு கொடுத்திருப்பேன், திருக்கோவிலூரிலும் கள்ளக்குறிச்சியிலும் எந்தெந்தக் கதவுக்கு வெளியே நின்றிருப்பேன். ஒருத்தர்கூட என்னிடம் மனு கொடுத்ததில்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று போனைக் கீழே வைத்துவிட்டேன்.

5

உண்மையான மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் கலை கம்ப்யூட்டரிலேயே ஒரு பொய் மெஷினைச் செய்து பழகினாள். அதில் ஒரே ஒரு பிளேடு மட்டும் நிஜம். மற்றதெல்லாம் சும்மா வரைந்தது. எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். “நீயே எதையாவது சொல்லு மா, எனக்கு மூளை வேல செய்யல” என்றாள்.

ஒவ்வொன்றும் என்ன வேலை செய்யும் என்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன். எதைக் கொடுத்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் உருளைக்கு மாமியார். காற்றாக அடித்துச் சோகையை ஊதித் தள்ளும் விசிறிக்குப் பெரிய மாமா. அறுத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவன் வண்டியில் கொட்டிவிட்டு வரும் சங்கிலிக்குச் சித்தப்பா. கடைசியாக அந்த நிஜ பிளேடு. தரையோடு ஒட்டிச் சுற்றி, கரும்பை அடியோடு அறுப்பது அதன் வேலை என்றாள்.

“நாத்தனார்னு வெய்யி.”

கலை தட்டச்சு செய்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். “அத்தைக்குத் தெரிஞ்சா?”

“அவ எங்க வந்து பாக்கப்போறா.”

ஓட்டிக் காட்டுகிற நாள் வந்தது. காலையில் போனவள் மத்தியானமே திரும்பி வந்தாள். வண்டி வாசலில் நிற்கிறது, ஆள் இறங்கவில்லை. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

“எல்லாம் வேல செஞ்சிது மா,” என்றாள். “எல்லாமே வேல செஞ்சிது. அதான் பிரச்சன.”

உள்ளே கூட்டிவந்து மோர் கொடுத்தபின் விவரமாகச் சொன்னாள். முதல் நாளே கிடங்கில் மாமியார், மாமா, சித்தப்பா எல்லாரையும் ஒழித்துவிட்டு ஒழுங்கான இங்கிலீஷ் பெயர் போட்டுவிட்டாளாம். ஆனால் அந்த பிளேடு நிஜமானது. நான் வைத்த பெயரோடேயே அதற்கு ஒப்புதல் முத்திரை விழுந்துவிட்டது. ரிலீஸ் ஆனது என்பார்கள், சினிமா மாதிரி. ரிலீஸ் ஆனதன் பெயரை மாற்ற முறைப்படி கேட்டு, மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிக் கேட்க இவள் மறந்தே போனாள். அதிகாரிகள் முன்னால் அந்த பிளேடின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு பொத்தானை அழுத்தினாள். கண் மூடித் திறப்பதற்குள் கிடங்கு வாங்கிக்கொண்டது. எடை தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பழைய படம் பூட்டிக்கொண்டது. பட்டறைத் திரையில் புதுப் படம். சாமான் வாங்குகிற மேசையிலும் அதே. பக்கத்து அறையில் ஸ்டிக்கர் அடிக்கிற மெஷின்கூடத் தானாகவே ஒரு ஸ்டிக்கரைத் துப்பியது. எல்லா இடத்திலும் பெரிய இங்கிலீஷ் எழுத்தில், நாத்தனார்.

அதிகாரிகளில் ஒருவரான மேலாளர் அதை இரண்டு தரம் படித்தாராம். இது என்ன என்று கேட்டாராம். கலைக்குப் பொய் வராது. “அப்பாவோட தங்கச்சி” என்று சொல்லிவிட்டாள். உங்கள் அத்தை ஏன் எங்கள் மெஷினில் இருக்கிறார் என்று கேட்டாராம். “அதை எங்கம்மாவத்தான் கேக்கணும்” என்றாளாம். அவர் சிரிக்கவில்லை. இவ்வளவு வேகமாகக் குப்பையை எல்லா இடத்துக்கும் கொண்டு போய்ச் சேர்க்கிற இணைப்பு நமக்கு வேண்டுமா, யோசித்து அடுத்த வாரம் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. நான் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை வெளியே இழுத்து வைத்தேன். தூசி தட்டத்தான். கலை அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“ஊருக்குப் போனா ஒனக்கு சந்தோசந்தான?”

“எனக்கு சந்தோசந்தான். ஒனக்கு?”

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சின்னதில் காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள், நாம் பார்த்துவிடக் கூடாதாம். நான் பெட்டியைக் காலாலேயே உள்ளே தள்ளினேன்.

“அப்ப வாணாம்” என்றேன்.

6

காப்பாற்றியது பட்டறைத் தலைவர் பாப். நேரே மேலாளர் அறைக்குப் போனாராம். எது சரியான படம் என்று கேட்டுக் கேட்டு வரைபட அறைக்கு நடந்தே என் காலணி தேய்ந்துவிட்டது, நான் நடக்காமல் சரியான படம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது இப்போதுதான், பேர் என்னவாக இருந்தால் எனக்கென்ன என்றாராம். வெள்ளிக்கிழமை கலைக்கு வேலை நிரந்தரம் என்று மெயில் வந்தது. பெயரை மாற்ற அவளே முறைப்படி எழுதிக் கேட்க வேண்டும் என்று அதிலேயே ஒரு குட்டும் இருந்தது. அவள் அன்றைக்கே எழுதிக் கேட்டாள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது கையெழுத்து பாப்புடையது. அவர் போட மாட்டேன் என்கிறார். பட்டறைப் பையன்களுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டதாம். ‘நாத்தனாரை எடு’, ‘நாத்தனாரைக் கூராக்கு’ என்று அவர்கள் வாயில் நன்றாக நுழைகிறதாம். எனக்கே அந்த வார்த்தையை அவ்வளவு பிரியமாகச் சொல்ல வந்ததில்லை.

சாயங்காலம் பச்சையம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தோம். நம் ஊரில் அப்போது மத்தியானம். டவுன் பஸ் ஹாரன் கேட்டது.

“ஜெயிச்சிட்டா பச்ச. இனிமே இங்கதான்.”

“இனிமே வரமாட்டீங்க.”

“லீவுக்கு வருவோம்.”

“ம்.”

பேனரை அவிழ்க்கச் சொல்லலாம், தேர்தல் கதையை இப்போதாவது உடைத்துவிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் கலை முந்திக்கொண்டாள். அவளுக்கு நல்லது நடந்தால் வாய் நிற்காது. அசெம்பிளி என்றால் மெஷின் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாள்.

“அத்த, நீ இங்க எங்க மெஷின்ல ஒரு பிளேடா கீற. நாத்தனார்னு பேரு. இனிமே வெளிய போற ஒவ்வொரு மெஷின்லயும் நீ இருப்ப. அம்மாதான் பேரு வெச்சிது.”

“இன்னா வேல அதுக்கு?”

நான் கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், கலை என் பக்கம் பார்க்கவே இல்லை.

“அடியோட அறுக்கிற வேல.”

இன்றைக்கு நம் கதை முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்தேன். கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் போடாமல் விட்டது தொடங்கி எல்லாவற்றையும் திருப்பி எடுப்பாள், எனக்கும் பதில் தயாராக இருந்தது. ஆனால் அவள் எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. தூசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

“நீ ஜெயிக்கணும்னு நான் வேண்டிக்கல கண்ணு,” என்றாள். “ஒங்கம்மாகிட்ட பொய் சொன்னன். நீ தோத்துட்டு, ரெண்டு பேரும் இங்க வந்துடணும்னுதான் காசு முடிஞ்சி வெச்சன்.”

கலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் போனை இன்னும் கிட்டே இழுத்து வைத்தேன். 

“ஒங்கள இங்க கொண்டாந்து சேருன்னு சொன்னா, அந்த மாரியாத்தா காதுல இன்னா வுழுந்துதோ,” என்றாள் அவள். “என்ன இட்டுக்கினு போயி அங்க சேத்துடுச்சி.”